நம்பர் படிக்கிற தூரம்

பறவையின் காலில் மாட்டியிருக்கும் வளையத்து நம்பரை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கலாம் என்று காளிராஜ் கேட்டபோது சினேகாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஊரில் அப்படியொரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பிளஸ் டூ படிக்கிற பொம்பளைப் பிள்ளை வெம்பக்கோட்டை அணைக்கரையில் போய் உட்கார்ந்து வாத்து எண்ணுகிறது என்றால், வேறு யாரையோ பார்க்கத்தான் போகிறது என்பது ஊர்ப்பேச்சு.

பொங்கல் முடிந்து நாலாம் நாள். காளிராஜ் அவள் வீட்டு வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய கம்பெனிகளின் ஆர்டரைப் பிடித்து, கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டு, ஆள் வைத்துப் பேன்சி வெடி செய்து கொடுப்பவர். லைசென்ஸ் கிடையாது. சினேகாவின் அம்மா சின்னத்தாய் மூன்று மாதமாக அந்தக் கொட்டகைக்குத்தான் போய் வருகிறாள். அதற்கு முன் பதினோரு வருசம் பார்த்த லைசென்ஸ் கம்பெனி ஐப்பசியில் நடந்த விபத்துக்குப் பிறகு சீல் வைக்கப்பட்டு, இன்னும் திறந்தபாடில்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

“எம் மக ஸ்ரீமதி விருதுநகர்ல படிக்கால்ல பாப்பா, பறவை பாக்கணும்னு ஒரே அடம். நீதான் நம்ம டேம்ல பறவை எண்ணி சர்ட்டிபிகேட்டு வாங்குனவ. நல்ல கொழாவா ஒண்ணு நீயே பாத்துச் சொல்லிரு.”

“கொழா இல்ல அண்ணாச்சி, ஸ்கோப்பு.”

“சரித்தா, ஸ்கோப்பு.”

போனை நீட்டினார். சினேகா பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் ஸ்கோப் வழியாகப் பார்த்தது வாழ்க்கையில் அரை நிமிசம்தான். போன வருசப் பொங்கல் லீவில் பறவை எண்ண ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு அரை நிமிசம் காட்டினார்கள். அந்த அரை நிமிசத்தில் ஒரு கரண்டிவாயனின் கண் சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஸ்கோப்புகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவைத்திருந்தாள், வாங்கவே போகாத பொருளைப் பற்றிப் படிக்கிற வெறியோடு.

“அறுபது எம்.எம்., எண்பது எம்.எம்.னு ரெண்டு இருக்கு. அறுபது லேசு, தூக்கிட்டு நடக்கலாம். எண்பதுல முன்கண்ணாடி பெருசு, கருக்கல்லயும் தெரியும். ஆனா கனம்.”

“தூக்கிட்டு எங்கயும் போகப் போறதில்ல. ஒரே எடத்துல தான்.”

“எம்புட்டுத் தூரம் பாக்கணும்?”

“ஒரு ரெண்டு கிலோமீட்டர்.”

“ரெண்டு கிலோமீட்டரா? அங்கன இருந்தா சின்னப் பறவை ஒண்ணும் ஆம்புடாது அண்ணாச்சி.”

“பெருசுதான். வெள்ளையா கருப்பானு தெரிஞ்சாப் போதும். நம்பர் படிக்க முடிஞ்சா இன்னும் நல்லது.”

கதவு நிலையைப் பிடித்து நின்ற சின்னத்தாய் சிரித்துவிட்டாள். “பறவைக்கு என்ன அண்ணாச்சி நம்பரு? ரேசன் கார்டு குடுத்திருக்காகளா?”

காளிராஜ் கண் சிமிட்டவில்லை. “கால்ல வளையம் போட்டு விடுதாங்கள்ல, வெளிநாட்டுக்காரன். எம் மக சொன்னா. என்ன பாப்பா, சரிதான?”

“ஆமாண்ணாச்சி” என்றாள் சினேகா. அம்மாவுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

கண் வைக்கும் பக்கம் மேல்நோக்கி வளைந்ததை எடுக்கச் சொன்னாள். நெட்டை ஆளும் குட்டை ஆளும் ஒரே ஸ்டாண்டில் மாறி மாறிப் பார்க்கலாம். காளிராஜ் நேரானதுதான் வேண்டும் என்றார். “வளஞ்சதுல தேடிப் பிடிக்க நேரமாகும்ல? ஓடுற வண்டிய... பறக்குற பறவைய டக்குனு பிடிக்கணும்ல.” அது நியாயம்தான். நேரானது சீக்கிரம் பிடிக்கும். அவர் நாக்கு எங்கே இடறியது என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

காற்றுக்கு ஆடாத கனமான ஸ்டாண்டையும் அவளே தேர்ந்தெடுத்தாள். இருபதிலிருந்து அறுபது மடங்குவரை பெரிதாக்கும் எண்பது எம்.எம்.மின் விலையில் இருந்த சைபர்களை அவள் இரண்டு தரம் எண்ணினாள். காளிராஜ் சொடக்குப் போடுவதுபோல் ஆர்டர் போட்டுவிட்டார். “மத்தியானத்துல அறுபதுல வைக்கக் கூடாதுன்னு ஸ்ரீமதிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. கானல்தான் பெருசாத் தெரியும். முப்பதுக்குள்ள வச்சாத்தான் உருவம் நிக்கும்.”

“நீயே வந்து சொல்லிக் குடு” என்றார்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் முனியராஜ் பைக்கில் வந்து அழைத்துப்போனான். காளிராஜிடம் எடுபிடியாக இருக்கிறவன், சின்னத்தாய்க்கு ஒன்றுவிட்ட அக்கா மகன். பாதி கட்டி நின்றுபோன மாடி வீடு அது, காளிராஜுடையது. மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி நிழல் போட்டிருந்தது. நாற்காலி, தண்ணிக் கேன். ஸ்ரீமதி இல்லை. ஸ்கோப் ஸ்டாண்டில் ஏறி நின்றது. கிழக்கே அணை நீர் பளபளவென்று கிடக்க, ஸ்கோப்பின் மூக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

சினேகா குனிந்து பார்த்தாள். சிவகாசி ரோட்டிலிருந்து காட்டுக்குப் பிரிகிற ஒற்றைத் தார்ரோடு. முக்கில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டயரைத் தண்ணீரில் முக்குவது தெரிந்தது.

“அண்ணாச்சி மக எங்க அண்ணே?”

“அவ பறவைய எங்க பாத்தா? ரீல்ஸ் பாப்பா.” முனியராஜ் பீடியைப் பற்றவைத்தான். “செக்கிங் ஜீப்பு அந்த முக்குல திரும்புனா கொட்டகைக்கு வர நாலு நிமிசம். நீ பாத்துட்டு என் போனுக்கு அடி. நான் கொட்டகை வாசல்ல நிப்பேன். சனி ஞாயிறு மட்டும்தான் நீ. மத்த நாள் நான் இங்கன உக்காருவேன், அங்கன வேற ஆளு.”

“எனக்கு வேண்டாம்ணே.”

“அத அண்ணாச்சிட்ட சொல்லு. யாராச்சும் மாடிக்கு வந்தா பறவை எண்ணுதேன்னு சொல்லணும். உங்கிட்டதான் சர்ட்டிபிகேட்டு இருக்கே. அதயும் நோட்டுல வச்சுக்கிடச் சொன்னாக.” பிறகு கொஞ்சம் குரலைத் தணித்தான். “உங்கம்மா உள்ள இருக்காகல்ல. நீ பாத்தா நல்லாப் பாப்பனுதான் அண்ணாச்சி சொன்னாக.”

தெற்கே, மாடியிலிருந்து முக்கால் கிலோமீட்டரில், கருவேலமரங்களுக்கு நடுவே தகரம் மின்னியது. தான் தேடித் தேடிப் பொறுக்கிய பொருளின் முன் தன்னையே உட்கார வைத்துவிட்டார்கள் என்று சினேகாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது சின்னத்தாய் கோபப்படவில்லை. நகக்கண்ணில் ஏறியிருந்த அலுமினியப் பவுடரைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீ போன் அடிச்சா உள்ள என்ன நடக்கும்னு தெரியுமாட்டி?”

“ஒளிச்சு வைப்பீக.”

“உருட்டுன மணி மருந்து தட்டுல வெயில்ல காயும். பேன்சி வெடி மேல போயி வெடிச்சுக் கலர் கலரா விழுதுல்ல, அதுக்குள்ள இருக்க உருண்டை. லைசென்ஸ் கம்பெனில காயுற தட்டத் தொடவே ஃபோர்மேன் விட மாட்டாரு. சூடு ஆறணும், ஒவ்வொண்ணா எடுக்கணும், நடந்துதான் போணும். இங்கன போன் வந்துட்டா சூட்டோட தூக்கிட்டு ஓடுவோம். ஒண்ணு மேல ஒண்ணா உள்ள அடுக்கிப் பூட்டிட்டு முள்ளுக்குள்ள போயி ஒளிவோம்.” நாரைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். “செக்கிங் வந்தா புடிப்பான், கேஸ் போடுவான். அம்புட்டுத்தான். ஓடுறப்பதான் எனக்கு ஈரக்கொலை நடுங்கும்.”

“அப்ப அடிக்க வேண்டாமாம்மா?”

“அடிக்கலன்னா சோத்துக்கு எங்க போக? பாத்து அடி. சும்மா சும்மா அடிச்சுராத.”

பிப்ரவரி முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் இடப்பக்கம் பறவை, வலப்பக்கம் வண்டி என்று எழுதினாள். நாமக்கோழி இருநூற்றுப் பத்து. பால் வண்டி ஒன்று. புள்ளிமூக்கு வாத்து நாற்பது. செங்கல் லாரி. ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை ஸ்கோப்பை நீர்ப்பக்கம் திருப்புவாள். திருப்பின மாத்திரத்தில் முதுகுக்குப் பின்னால் ரோடு இருப்பது உறைக்கும். ஒரு பறவையையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு நல்ல ஸ்கோப் கையில் இருந்தும், அந்த அரை நிமிசத்தில் பார்த்ததுபோல் பிறகு எதையும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டரை மணி. கானல் தார்ரோட்டைத் தண்ணீராக்கியிருந்தது. அந்தத் தண்ணீருக்குள் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. ஜீப். முப்பதில் வைத்துப் பார்த்தாள். நம்பர் பலகை வெள்ளைப் புழுபோல் துடித்தது. அறுபதுக்குத் திருகினாள். மொத்த ஜீப்பும் கரைந்துபோனது. திரும்ப முப்பது. பஞ்சர் கடையைத் தாண்டிவிட்டது. கை தானாகப் போனை எடுத்து அடித்துவிட்டது.

பிறகு ஸ்கோப்பைக் கொட்டகைப் பக்கம் திருப்பினாள். திருப்பியிருக்கக் கூடாது. பெண்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு ஓடுவது தெரிந்தது. சத்தமே இல்லாத ஓட்டம். அம்மாவின் பச்சைச் சேலை உள்ளே போய் வெளியே வந்தது. பின்னால் வந்த, அம்மாவோடு வேலை பார்க்கும் கற்பகவல்லி அத்தை எதிலோ கால் தட்டிச் சாய்ந்தாள். தட்டு சரிந்தது. வெள்ளையும் ஊதாவுமாக ஒரு வெளிச்சம் கண்ணை அறைந்தது. சத்தம் இல்லை. சினேகா வாயைத் திறந்தாள். அப்போதுதான் சத்தம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

ஜீப் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பக்கத்து ஊரில் மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரின் ஜீப்.

ஒரே தட்டு, அதுவும் வெட்டவெளியில் என்பதால் கற்பகவல்லி பிழைத்தாள். வலது கையும் கழுத்தும் கன்னமும் வெந்துவிட்டன. அடுப்புத் தீ என்று சொல்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் சினேகா பார்க்கப் போனாள். வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள்.

“வாட்டி கண்ணுக்காரி” என்றாள் கற்பகவல்லி, உதடு அசையாமல். “மாட்டு டாக்டரப் பாத்துட்டு என்னைய ஓட விட்டியாமே. நான் என்ன சினையாவா இருக்கேன்?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். சினேகா அழுதாள்.

“அழுவாத. வாங்கிட்டு வந்த ஆரஞ்ச உரிச்சுக் குடு. இடக் கையால உரிக்க வரல.”

உரித்து ஊட்டினாள். தன் போனால்தான் இது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் சத்தமில்லாத அந்த வெளிச்சம் வரும். சத்தம் வருவதற்குள் விழித்துக்கொள்வாள்.

முனியராஜ் பாடு வேறாக இருந்தது. வார நாட்களில் அவன் பால் வண்டிக்கும் அடித்தான், கல்யாண வேனுக்கும் அடித்தான். ஒரே வாரத்தில் மூன்று ஓட்டம். “தெரியாம இருந்தா அடிச்சுரணும். பின்ன என்ன, அண்ணாச்சி செருப்பக் கழட்டவா?” என்றான். சினேகா அவனுக்கு முப்பதில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தாள். அவன் எந்நேரமும் அறுபதிலேயே வைத்தான். பெரிதாகத் தெரிவதுதான் நல்லது என்பது அவன் கணக்கு.

மாசக் கடைசி ஞாயிறு. இன்னும் எட்டு நாளில், மறு வாரத் திங்கட்கிழமை, அவளுக்குப் பரீட்சை தொடங்குகிறது. காலையில் கிளம்பும்போது சின்னத்தாய் சொன்னாள்: “இன்னைக்கு நாப்பது தட்டு காயப் போடணும். அவசர ஆர்டரு. கற்பகம் எடத்துக்கு ரெண்டு புதுப் பிள்ளைக வருதுக. தட்ட எப்படிப் புடிக்கணும்னே தெரியாதுக.”

பதினொன்றே கால். கானல் நெளிந்துகொண்டிருந்தது. முக்கில் வெள்ளை ஜீப் ஒன்று திரும்பியது. பின்னாலேயே ஒரு வேன். சினேகா முப்பதில் பிடித்தாள். பலகை துடித்தது. பெருவிரல் போனில் முனியராஜ் பெயர்மேல் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் ரோட்டின் மேல் வந்தது. கானல் அடங்கியது. யாரோ தண்ணீரைக் கையால் அமர்த்திவிட்டதுபோல் எல்லாம் அசையாமல் நின்றது. பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. டி.என். அறுபத்தேழு. ஜி. அரசாங்க வண்டி. முன்சீட்டில் காக்கிச் சட்டை. மடியில் ஃபைல். வேனில் பெண் போலீஸ். எல்லாம் தெரிந்தது. வாங்கின நாளிலிருந்து அந்த ஸ்கோப் இவ்வளவு தெளிவாக எதையும் காட்டியதில்லை.

அவள் அடிக்கவில்லை.

அடிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாளா என்றால் அதுவும் இல்லை. நாற்பது தட்டு என்று மனசு சொன்னது. புதுப் பிள்ளைகள் என்று சொன்னது. தகரக் கொட்டகைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக, சூட்டோடு, நாற்பது. ஜீப் பஞ்சர் கடையைத் தாண்டியது. ஒரு நிமிசம். ஒற்றைப் பாலத்தைத் தாண்டியது. இரண்டு. போலீஸ் பிடித்தால் அம்மா உயிரோடு போலீஸ் ஸ்டேஷனில் இருப்பாள். மூன்று. போனைக் கவிழ்த்து நோட்டுக்கு அடியில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு ஸ்கோப்பை மெதுவாக நீர்ப்பக்கம் திருப்பினாள்.

கொட்டகைப் பக்கமிருந்து விசில் சத்தம், ஆண்குரல்கள். காது முழுக்க அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. ஓட நேரமில்லாததால் யாரும் எதையும் தூக்கவில்லை.

இருபது நிமிசம் கழித்து மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். வயதான ஏட்டு ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“யாரும்மா நீ? இங்க என்ன பண்ற?”

“பறவை எண்ணுதேன் சார்.”

நோட்டைக் காட்டினாள். இடப்பக்கத்தை. சர்ட்டிபிகேட் தானாகக் கீழே விழுந்தது. ஏட்டு எடுத்துப் படித்தார். முகம் மாறியது.

“அட. எம் பேத்தியும் இதுக்குத்தான் பேர் குடுத்திருக்கு. இது என்ன மிஷினு? நான் பாக்கலாமா?”

குனிந்து ஒரு கண்ணை மூடினார். “யம்மா! அந்த வெள்ளையா நிக்குதே, வாய் கரண்டி மாதிரி?”

“கரண்டிவாயன் சார்.”

“பேரப் பாரு. கண்ணு செவப்பா இருக்கு பாத்தியா?”

“ஆமா சார்.”

தன் செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படம் எடுக்கப் பார்த்தார். கை ஆடியது. “நீ எடுத்துக் குடும்மா, பேத்திக்கு அனுப்பணும்.” சினேகா வாங்கி எடுத்துக்கொடுத்தாள். அவர் தோளுக்கு அப்பால், தூரத்தில் கொட்டகைக்குப் போகும் மண்பாதையில், பெண்களை வரிசையாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சேலை மூன்றாவதாக ஏறியது. ஏறும்போது சின்னத்தாய் மாடியை அண்ணாந்து பார்த்தாள். ஸ்கோப் இல்லாமலே அந்தப் பார்வை தெரிந்தது.

“நல்லாப் படிம்மா” என்று சொல்லிவிட்டு ஏட்டு இறங்கிப் போனார்.

பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி ராத்திரி எட்டு மணிக்குமேல் விட்டார்கள். சின்னத்தாய் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாப்பிடவில்லை. விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் இரண்டு பேரும் விழித்திருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“கானல்னு முனியராஜ்ட்ட சொன்னியாமே” என்றாள் சின்னத்தாய், கூரையைப் பார்த்தபடி. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு. குரலை எழுப்பவில்லை.

முள்ளுக்குள் ஓடித் தப்பிய முனியராஜ் சாயங்காலம் வந்து கேட்டபோது, கானலில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சினேகா சொல்லியிருந்தாள். இப்போது வாய் தானாகத் திறந்தது.

“தெரிஞ்சிச்சும்மா.”

“என்னது?”

“நம்பர் தெரிஞ்சிச்சு. போலீசு தெரிஞ்சிச்சு. எல்லாம் தெரிஞ்சிச்சு. நான்தான் அடிக்கல. நீ செத்துருவியோனு பயமாருந்துச்சும்மா. எனக்குக் கண்ண மூடுனா அந்த வெளிச்சம்தான் வருது. நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லிராதம்மா.”

அறை விழுந்தது. இருட்டில் குறி தவறிக் காதில் பட்டது. இன்னொன்று. மூன்றாவதற்கு ஓங்கிய கை பாதியில் நின்றது.

“பதினாறு பொம்பளைக மேல கேசு. அவுக பிள்ளைகளுக்கு நாளைக்கு யாரு உல வைப்பா? தெரிஞ்சா ஊரே நம்ம வீட்டுக்குத் தீ வச்சிரும்.”

“தெரியும்.”

வெளியே நாய் ஒன்று குரைத்து அடங்கியது.

“ஜீப்பு வந்து சேர எம்புட்டு நேரம் இருந்துச்சு?” என்றாள் சின்னத்தாய்.

“நாலு நிமிசம்.”

“அந்தப் புதுப் பிள்ளைகள்ல ஒண்ணு, ரோஷினியாம் பேரு, உன் வயசுதான். பாலியஸ்டர் சுடிதார் போட்டு வந்திருக்கு. பருத்திதான் கட்டணும்னு யாரும் சொல்லல போல. நான்தான் திட்டுனேன்.” மூச்சை இழுத்தாள். “நாலு நிமிசத்துல நாப்பதயும் உள்ள அடுக்கிருப்போம்.”

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை இருட்டில் தடவி வந்து, அடித்த காதின்மேல் நின்றது. மருந்து வாடை அடித்தது.

காளிராஜ் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலி. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சினேகாவுக்குப் பயமாக இருந்தது.

“போகட்டும். கொழா தப்பிச்சுது, அந்தமட்டும் கெட்டிக்காரி நீ. ஏட்டுக்குப் போட்டோ வேற எடுத்துக் குடுத்தியாமே?” சிரித்தார். “தப்பு என் பேருல. சின்னதா எடுத்துட்டோம். நூறு எம்.எம். இருக்காமே, முனியராஜ் சொன்னான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் புது எடம் பாத்தாச்சு. பொட்டக் காடு, இன்னும் கானல் அடிக்கும். கேசுக்கெல்லாம் நான் வக்கீல் வச்சிருக்கேன். திங்கக்கெழம வேலை ஆரம்பம். இந்தா, நூறுல நல்லதா ஒண்ணு பாத்துக் குடு.”

போன் நீண்டது. கருப்பாக, தடியாக, வரிசையாக ஸ்கோப்புகள்.

“அவளுக்குத் திங்கக்கெழம பரீச்ச இருக்கு அண்ணாச்சி. அவள விட்ருங்க” என்றாள் சின்னத்தாய்.

“அவள யாரு கூப்பிட்டா? பாத்துக் குடுத்தாப் போதும். இனிமே ஏழு நாளும் முனியராஜ்தான். நீ வாரியா வரலையா?”

சின்னத்தாய் முந்தியைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். “வாரேன்.”

சினேகா போனை வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று ஓட்டம் என்று நினைத்தாள். முனியராஜ் ஒரே வாரத்தில் மூன்று. பொட்டல் காட்டில், பங்குனி வெயிலில், நூறு எம்.எம்மில், ஏழு நாளும். எண்ணிப் பார்க்க முடியாத இடத்துக்குக் கணக்கு போனது.

“பெருசு வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “பெரிய கண்ணாடி கானலயும் சேத்துத்தான் பெருசாக் காட்டும். இருக்கதே போதும். பாக்குற ஆளுதான் சரியில்ல. பால் வண்டிக்கெல்லாம் அடிச்சா உங்களுக்கும் வேலை நிக்கும்ல? ஒரே ஆளு பாக்கணும். தெரிஞ்ச ஆளு பாக்கணும்.”

“யாரு?”

“வாரம் பூரா நானே உக்காருதேன்.”

காளிராஜ் புருவத்தைத் தூக்கிச் சின்னத்தாயைப் பார்த்தார். “திங்கக்கெழம பரீச்சனு இப்பத்தான சொன்ன?”

சின்னத்தாய் மகளைப் பார்த்தாள். ஹால் டிக்கெட் டி.வி. ஸ்டாண்டின்மேல், சாமி படத்துக்கு முன்னால் திருநீறு பூசி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது சினேகாவுக்குத் தெரிந்தது. அந்த வாய் அப்படியே நின்றதும் தெரிந்தது. போன் அடிக்கவும் அடிக்காமல் இருக்கவும் தெரிந்த ஒரே ஆள் எதிரே நிற்கிறது என்பதை அம்மாவும் எண்ணிப் பார்த்துவிட்டாள்.

சின்னத்தாய் காளிராஜ் பக்கம் திரும்பினாள்.

“ஏழாயிரம்பண்ணைக்கு வண்டி எத்தன மணிக்கு அண்ணாச்சி வரும்? ரெண்டு பேரு ஏறணும்.”